சீஸ் சூப்பும் ஆச்சியின் கேள்வியும்

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். பற்று எது, வரவு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேதியியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. அப்படிப்பட்டவன் சீஸ் சூப்பின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் படியுங்கள் :-)

விஷயம் இதுதான். அம்மா திருநெல்வேலியில் இருந்து எங்களோடு வதோதராவுக்கு வந்து நான்கு மாதமாகிறது. பல்லெல்லாம் எடுத்தாயிற்று. புதுப் பல்செட் ஈறில் குத்துகிறது. ரசம் சாதத்தைத் தவிர எதுவும் இறங்கவில்லை. எடை குறைந்துகொண்டே போகிறது. டாக்டர், "புரதம் கொடுங்கள், கொஞ்சம் கொழுப்பும் போகட்டும்" என்றார். பன்னிரண்டாவது படிக்கும் என் மகள், "ஆச்சிக்கு நான் சீஸ் சூப் வச்சுத் தாரேன்" என்று களத்தில் குதித்தாள்.

முதல் நாள் தக்காளி சூப் கொதிக்கும்போது பாலை ஊற்றி, மேலே சீஸைத் துருவிப் போட்டாள். பால் திரிந்து பூப்பூவாக மிதந்தது. இரண்டாம் நாள் தக்காளியை விட்டுவிட்டாள். கடையில் வாங்கிய செடார் சீஸைக் கொதிக்கிற பாலில் போட்டாள். மேலே எண்ணெய், அடியில் ரப்பர். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வந்தது. தங்கமணி ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தை ஊறப்போட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. சீஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்த மகள், ஆச்சியிடம் போய் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுத்த ஒன்றைச் சேர்ப்பார்களாம் என்று. எங்கள் வீடு சுத்த சைவம். அம்மா கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். "எய்யா, இவ சொல்லுதது நெசமா?"

"அதெல்லாம் இல்லம்மா, பனீர் மாதிரிதான்" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றுக்கு நான் எப்படி உத்தரவாதக் கையெழுத்துப் போடுவது? எழுபத்தெட்டு வயதுவரை ஒரு விரதத்தைக் காப்பாற்றியவரிடம் ஒப்புக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. "விசாரிச்சுச் சொல்லுதேம்மா" என்றேன். அப்படி விசாரித்ததுதான் இந்தப் பதிவு.

சீஸ் என்பது உறைந்த பால்தான். தயிரும் உறைந்த பால்தான். ஆனால் தயிரும் பனீரும் புளிப்பால் உறைபவை. சீஸ் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ரெனட் என்ற ஒரு நொதி வேண்டும். பால்குடி மறக்காத கன்றின் நான்காம் இரைப்பையில் அது இருக்கிறது. தாய்ப்பாலைக் கன்று செரிப்பதற்காக இயற்கை வைத்தது. 1874-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் இதைத் தரப்படுத்தி வியாபாரமாகவே ஆரம்பித்தார். ஆக, மகள் சொன்னது பொய்யில்லை. மேலைநாட்டு சீஸின் சரித்திரம் பெரும்பாலும் அதுதான்.

இனி சூப் ஏன் ரப்பர் ஆனது என்ற கேள்வி. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதத்தை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது கால்சியம். எங்கள் பாஷையில் சொன்னால், கால்சியம்தான் ஜாமீன்தாரர். புரதம் ஒரு வலையாக நிற்கிறது, அதற்குள் கொழுப்பும் தண்ணீரும் அடைபட்டிருக்கின்றன. சூடு அதிகமானால் வலை இறுகிச் சுருங்குகிறது. கொழுப்பு வெளியே வழிகிறது. மேலே எண்ணெய், அடியில் ரப்பர்!

ஐரோப்பியர்களுக்கும் இந்தத் தொல்லை பழையது. 1699-ல் சூரிக்கில் எழுதப்பட்ட ஒரு சமையல் குறிப்பேட்டிலேயே சீஸை ஒயினில் இட்டுச் சமைக்கும் முறை இருக்கிறது. ஒயினில் உள்ள அமிலமும் அதன் உப்புகளும் கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வதால் சீஸ் வழுவழுவென்று உருகும். காரணம் தெரியாமலே கைக்கு வந்த வித்தை.

காரணத்தைப் பிடித்து வியாபாரமாக்கியதும் அதே சுவிட்சர்லாந்துதான். அவர்களுடைய கெட்டி சீஸை வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் வழியிலேயே எண்ணெய் கக்கிக் கெட்டுவிடும். 1911-ல் தூன் என்ற ஊரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் எம்மென்டால் சீஸைச் சோடியம் சிட்ரேட் என்ற உப்போடு சேர்த்துச் சூடாக்கிக் கிளறினார்கள். சிட்ரேட் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சோடியத்தை அந்த இடத்தில் உட்கார வைத்தது. ஜாமீன்தாரர் விலகியதும் புரதத்தின் பிடி தளர்ந்தது. அது கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து அணைத்துக்கொண்டது. நாம் பிராசஸ்டு சீஸ் என்று வாங்குவது அப்போது பிறந்ததுதான்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் என்ற வியாபாரி 1903-ல் சிகாகோவில் வாடகைக் குதிரை வண்டியில் சீஸ் விற்க ஆரம்பித்தவர். வெயில் காலத்தில் சரக்கு கெட்டு நஷ்டம். செடார் சீஸைச் சூடாக்கிக் கிளறி டப்பாவில் அடைக்கும் முறைக்கு 1916-ல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் அந்த டப்பாக்கள் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போயின. கெடாத சீஸுக்கு ராணுவத்தைவிட நல்ல வாடிக்கையாளர் யார்?

சரி, நம் ஊருக்கு வருவோம். நான் இதைத் தட்டச்சு செய்யும் இடத்தில் இருந்து ஆனந்த் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1940-களில் கேடா மாவட்டத்துப் பாலைச் சேகரித்து பம்பாய்க்கு அனுப்பும் உரிமை போல்சன் நிறுவனத்திடம் இருந்தது. விவசாயிக்குக் கிடைத்த விலை சொற்பம். சர்தார் படேலின் யோசனைப்படி 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் கூட்டம் போட்டார்கள். 15 நாள் பால் ஊற்றாமல் போராடினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14-ல் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். 1949-ல் அரசு வேலைக்காக ஆனந்துக்கு வந்து, பிறகு அங்கேயே தங்கிவிட்டவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர், ஆனால் படித்தது நம் சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும். ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கூட்டுறவு வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறக்கும். பம்பாய் அத்தனையையும் வாங்காது. மீந்த பாலை என்ன செய்வது? பால் என்பது காலையில் கறந்து மாலைக்குள் செலவாக வேண்டிய சரக்கு. பொடியாக்கலாம் என்றால், எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தார்கள். குரியனின் நண்பர் எச்.எம். தலாயா முடியும் என்று செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-ல் அந்தத் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார்.

அடுத்தது சீஸ். எருமைப் பாலில் கொழுப்பு சுமார் 7 சதவீதம். பசும்பாலில் 4 சதவீதத்தை ஒட்டி. கேசினும் கால்சியமும்கூட எருமைப் பாலில் அதிகம். ஆகவே தயிர்க்கட்டி சீக்கிரமாகவும் கெட்டியாகவும் உறையும், சீஸ் முதிர்ந்து மணம் பிடிக்க நாளாகும். பசும்பாலுக்கு எழுதிய பாடத்தை அப்படியே ஒப்பித்தால் ஆகாது. 1960-ல் ஆனந்தில் ஆண்டுக்கு 600 டன் சீஸ் செய்வதற்கான பிரிவு சேர்க்கப்பட்டது. பதப்படுத்திய சீஸ் வெயிலைத் தாங்கும், மாதக்கணக்கில் இருக்கும். குளிர்காலத்துப் பால் கோடையில் விலை போகும். வங்கிக்காரன் பார்வையில் இது ஒரு வைப்பு நிதி. எருமைக்காரர் டிசம்பரில் போட்டு வைக்கிறார், மே மாதம் யாரோ சாண்ட்விச்சில் எடுக்கிறார்கள் :-)

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். 1960-களில் ஜப்பானிய விஞ்ஞானி கெய் அரிமாவின் குழு, பாலை உறைய வைக்கும் நொதி ஒரு வகைப் பூஞ்சையிலும் இருப்பதைக் கண்டுபிடித்தது. கன்று தேவையில்லை. 1990-ல் அமெரிக்க அரசு, நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த கைமோசின் நொதியை உணவில் சேர்க்க அனுமதித்தது. இந்தியாவில் சைவம் சாப்பிடுவோர் இத்தனை பேர் இருக்க, இங்கே சீஸ் விற்க வேண்டுமென்றால் இந்த வழிதான் சரி. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் கன்றின் ரெனட் அதில் இல்லை என்று பொருள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் லேபிளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

பாக்கெட்டை எடுத்துப் போய் அம்மா முன்னால் உட்கார்ந்தேன். உலகத்தில் நிறைய சீஸ் கன்றின் வயிற்று ரெனட்டால் செய்வதுதான் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு பச்சைப் புள்ளியைக் காட்டி, இதில் அது இல்லை என்று படித்துச் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புள்ளியை வெகுநேரம் பார்த்தார். "அப்பம் சரி. ஆனா அந்தப் பிள்ள வைக்கித பக்குவந்தான் சரியில்ல" என்றார்.

பிறகுதான் வேடிக்கை. கம்பைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டார். "ஏட்டி, சொதிக்கு முதப் பால ஊத்தி யாராவது கொதிக்க விடுவாளா? அடுப்ப அணைச்சிட்டுல்லா எலுமிச்சம்பழம் பிழியணும்? இதுவும் பாலுதான?"

நான் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வரியில் முடித்தார். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கும் சொதியில் பாசிப்பருப்பை வேகவைத்துச் சேர்ப்பதும், முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவதும், புளிப்பை இறக்கியபின் சேர்ப்பதும் பால் திரியாமல் இருக்கத்தானே.

எங்கள் வீட்டில் இப்போது தேறியிருக்கும் முறை இது. நான்கு பேருக்கு.

ஒரு பெரிய உருளைக்கிழங்கு, ஒரு கேரட், பாதி வெங்காயத்தை இரண்டு கப் தண்ணீரில் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு டேபிள் ஸ்பூன் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டுச் சிறுதீயில் இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது, பச்சை வாசனை போனால் போதும். வெதுவெதுப்பான பால் இரண்டு கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். கெட்டியானதும் மசித்த காயைத் தண்ணீரோடு சேர்த்து ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் சீஸ். துருவிய பிராசஸ்டு சீஸ் 100 கிராமை மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கரையக் கரையக் கிளறுங்கள். திரும்பக் கொதிக்க விடாதீர்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். மிளகுத்தூள் கடைசியில்.

தக்காளி வேண்டாம். பனீரும் வேண்டாம், அது புளிப்பால் உறைந்தது, எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. செடார்தான் இருக்கிறது என்றால் அதில் பாதியும் பிராசஸ்டு சீஸ் பாதியுமாகக் கலந்து போடுங்கள். பாக்கெட்டில் இருக்கும் சோடியம் சிட்ரேட் இரண்டுக்குமாக வேலை செய்யும்.

நேற்று இரவு அம்மா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் :-) "கொஞ்சம் இஞ்சிச் சாறு விட்டிருக்கலாம்" என்று ஒரு குறை. சொதிக்கு இஞ்சிப் பச்சடி இல்லாமல் அவருக்கு ஆகாது. மகள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பி.கு: சனிக்கிழமை எடை பார்த்தோம். முக்கால் கிலோ ஏறியிருக்கிறது. இந்தக் காலாண்டில் நான் பார்த்த நல்ல வரவு இதுதான்.