மின்கம்பியும் காற்றும்: மன்னார்க் கரை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மன்னாரின் பொருளாதார வரலாறு, அங்கு எடுக்கப்பட்ட செல்வம் வேறிடங்களுக்குச் சென்று சேர்ந்த வரலாறாகவே பெரிதும் அமைந்துள்ளது. முத்துக்குளிப்பு இதற்குத் தக்க சான்று. 1906 இல் குடியேற்ற அரசு முத்துப்படுகைகளை இலண்டன் கம்பனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு வழங்கிற்று. சில ஆண்டுகளிலேயே படுகைகள் வறிதாயின, கம்பனியும் கலைந்தது. இன்று அக்கரையில் எடுக்கப்படுவது காற்றாகும்.

2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி காற்றாலை திறந்துவைக்கப்பட்டது. தீவின் தென்கரையில் 30 சுழலிகள். மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. நடுக்குடா உபநிலையத்திலிருந்து 220 கிலோவோல்ற்றுக் கம்பிகள் மின்னைப் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்கின்றன. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தனது காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு ஆகஸ்டில், பிற புதிய சுழலிகளுக்கான பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மக்கள் மறித்தனர். வெள்ளநீர் வடிதல், மீன்பிடி, நிலம், பறவைகள் ஆகியன அவர்களது முதன்மையான கேள்விகள். இவற்றோடு உடல்நலக் கேள்வியையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

உயர் அழுத்தக் கம்பியைச் சூழ்ந்த மின்புலம் வலுக்கும்போது காற்று அயனாக்கமுறுகிறது. இதனைக் கொரோனா மின்னிறக்கம் என்பர். ஈரமும் உப்புப் படிவும் இதனை மிகுவிக்கும். அயன்கள் காற்றோடு அடித்துச் செல்லப்பட்டு, புகையினதும் தூசியினதும் நுண்துணிக்கைகளில் ஒட்டி அவற்றுக்கு மின்னேற்றம் அளிக்கின்றன. மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் சுவாசத்தின்போது நுரையீரலிற் கூடுதலாகப் படியலாம். பிரித்தானியாவில் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் டெனிஸ் ஹென்ஷோவும் அவரது குழுவினரும் 1990களில் முன்வைத்த கருதுகோளின் சாரம் இதுவே.

இதற்கு முன்னரே, 1979 இல், அமெரிக்காவின் டென்வர் நகரில் வெர்தைமர், லீப்பர் ஆகிய இருவரும் மின்கம்பிகளுக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் எனக் கூறியிருந்தனர். 2002 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தாழ் அதிர்வெண் காந்தப்புலங்களை 'புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியவையாக இருக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது. 2005 இல் டிரேப்பர் குழுவினர், இங்கிலாந்திலும் வேல்சிலும் புற்றுநோயுற்ற 29,081 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். பிறந்த வீடு கம்பியிலிருந்து 200 மீற்றருக்குள் அமைந்தோரிடையே வெண்குருதிப் புற்றுநோயின் சார்பு ஆபத்து 1.69 எனக் கண்டனர். 200 முதல் 600 மீற்றர் வரையிலும் அது ஓரளவு உயர்ந்திருந்தது. காந்தப்புலம் அவ்வளவு தூரம் எட்டாது. எனவே அயன் கருதுகோள் புதுவலுப் பெற்றது.

ஆயின் 2014 இல் அதே பதிவுகள் 2008 வரை நீட்டிக்கப்பட்டு ஆராயப்பட்டபோது, 1980களுக்குப் பின் அவ்வுயர்வு காணப்படவில்லை. கம்பியின் இயற்பண்பு மாறாதிருக்க, ஆபத்து மட்டும் காலத்தோடு மறைந்ததெனில், காரணத்தைக் கம்பியிலன்றி அதனருகே வாழ்ந்தோரின் சமூக நிலைமைகளில் தேடுவதே பொருத்தம். காற்றின் திசையைக் கணக்கிற்கொண்டு அதே ஆண்டு வெளிவந்த ஆய்வும் அயன் கருதுகோளுக்கு ஆதரவு தரவில்லை. பௌதிகச் செயல்முறை உண்மையானது. அதனால் நோய் விளைகிறது என்பது நிறுவப்படவில்லை.

இம்முடிவு மன்னாருக்கு இரு வகையில் முக்கியமாகிறது. முதலாவது, மின்னேற்றம் பெறுவதற்குக் காற்றில் மாசு இருத்தல் வேண்டும். இத்தீவில் அம்மாசின் தோற்றுவாய் விறகடுப்புப் புகையும் வாகனப் புகையும் புழுதியுமே. சுகாதாரக் கொள்கை முதலில் கவனிக்கவேண்டியவையும் இவையே. இரண்டாவது, இதே மேற்குக் கரையில் நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் உள்ளது. அதன் சாம்பலைச் சுவாசிப்போரும் உழைக்கும் மக்களே. மன்னாரின் காற்று அந்நிலக்கரியைக் குறைக்குமெனில் அது சமூக நன்மை. அதன் சுமை முழுவதையும் ஒரு தீவின் மீனவர்மீது ஏற்றுவது மட்டும் நியாயமாகாது.

மக்களின் ஐயத்தை அறியாமை எனத் தள்ளுவது ஆட்சியாளரின் பழைய வழக்கம். நிறுவப்படாத நோயைப் போராட்டத்தின் கொடியாக்குவதோ, நிறுவப்படக்கூடிய வெள்ளம், நிலம், மீன்பிடி ஆகிய கோரிக்கைகளை வலுவிழக்கச் செய்யும். கம்பியருகே வாழ்வோர் கேட்கவேண்டியது தெளிவானது: மின்புலமும் காற்றின் துணிக்கைகளும் அளக்கப்படல் வேண்டும், அளவுகள் தமிழில் வெளியிடப்படல் வேண்டும், கம்பி செல்லும் வழியைத் தீர்மானிக்கும் இடத்தில் அம்மக்களும் அமர்தல் வேண்டும். முத்துப்படுகை குத்தகைக்குப் போனபோது குளித்தவனை எவரும் கேட்கவில்லை.