கடல்நடுவே குளிர்

கரையில் கட்டிக் கிடக்கும் படகுக்குக் குளிர்சாதனம் ஒரு பெரிய காரியமன்று. துறையிலிருந்து மின்கம்பி ஒன்றை இழுத்துச் செருகினால் போதும். மின்சாரம் எங்கோ பிறக்கிறது. அதற்கான புகையும் எங்கோ எழுகிறது. கயிற்றை அவிழ்த்துவிட்ட கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. அதன்பின் குளிர் வேண்டுமானால் அதற்குரிய நெருப்பையும் படகே சுமந்தாக வேண்டும். கண் குளிர, மனம் குளிர என்று குளிரை நன்மையின் பெயராகவே வழங்கிவரும் வெப்பநாட்டு மொழி நம்முடையது. அந்தக் குளிர் கடலில் எப்படி உண்டாக்கப்பட்டது, அதன் அருகே எவர் வெந்தார் என்பதைச் சற்றே பார்க்கலாம்.

முதலில் கடலேறியது நெருப்பில்லாத குளிர். 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டு ஏறத்தாழ 100 டன்னைக் கொண்டு சேர்த்தது. நான்கு மாதப் பயணத்தில் மீதி உருகிப்போயிற்று. பிரெடரிக் டியூடர் என்னும் வணிகரின் துணிச்சல் அது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் எச்சமே. இக்கப்பல்களில் குளிரை உண்டாக்க எந்திரம் எதுவுமில்லை. குளத்தில் உறைந்ததை மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்தார்கள், அவ்வளவே.

எந்திரக் குளிர் கடலுக்கு வந்தது 1870களில். பிரான்சின் சார்ல் டெல்லியே 1876இல் 'பிரிகோரிபீக்' என்னும் கப்பலில் இறைச்சியை ஏற்றி அர்ஜென்டினாவுக்கு அனுப்பினார். 1879-80இல் 'ஸ்ட்ராத்லெவன்' ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியை லண்டனுக்குக் கொண்டுசென்றது. அது நீராவிக் கப்பல். கப்பலை ஓட்ட எப்படியும் கொதிகலன் எரிந்துகொண்டிருக்கும். அந்த நீராவியில் ஒரு பங்கைக் குளிருக்கு ஒதுக்கினால் போதும். பாய்மரக் கப்பலுக்கு அந்த வசதி ஏது? காற்றில் ஓடும் கலம் குளிருக்காக மட்டுமே ஓர் உலையைச் சுமக்க வேண்டும். அப்படிச் சுமந்த கப்பல்தான் 'டனீடின்'.

நியூசிலாந்தில் அக்காலத்தில் ஆடு மிகுதி. உண்ண ஆள் குறைவு. கம்பளியை விற்றுவிட்டு உடலைக் கொழுப்புக்காகக் காய்ச்சினார்கள். லண்டனிலோ இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இடையே மூன்று மாதக் கடல், அதிலும் பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டும். வில்லியம் டேவிட்சன் என்பவரின் முயற்சியால் 'டனீடி'னில் பெல்-கோல்மன் எந்திரம் பொருத்தப்பட்டது. காற்றை அழுத்தினால் சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நாம் அறிவோம். அந்தச் சூட்டைக் கடல்நீரால் ஆற்றிவிட்டு, காற்றை மறுபடி விரியவிட்டால் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும். வேறு வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை. ஆனால் காற்றை அழுத்துவதற்கு நீராவி வேண்டும்; நாளொன்றுக்கு மூன்று டன் நிலக்கரி வேண்டும்.

1881 டிசம்பரில் ஏற்றுமதி தொடங்கிய சில நாட்களிலேயே எந்திரத்தின் வளைதண்டு முறிந்தது. உள்ளே அடுக்கியிருந்த ஆடுகளை வெளியே எடுத்து உள்ளூரிலேயே விற்க நேர்ந்தது. பழுது நீக்கி, புதிதாக ஏற்றி, 1882 பிப்ரவரி 15 அன்று கப்பல் புறப்பட்டது. உள்ளே 4331 செம்மறியாடுகள், 598 குட்டிகள், 22 பன்றிகள். பாய்மரங்களுக்கு நடுவே ஒரு புகைபோக்கி! அதிலிருந்து பறந்த பொறிகள் பாய்களில் தீப்பற்றவைத்தன.

வெப்ப மண்டலத்தை அடைந்தபோது வேறொரு சிக்கல். குளிர்ந்த காற்று சரக்கறை முழுவதும் பரவவில்லை. கப்பல் தலைவர் ஜான் விட்சன் தாமே காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்து சென்று கூடுதலாகத் துளைகளை அறுத்தார். வேலை முடிந்தது, ஆனால் அவர் குளிரில் விறைத்து மயங்கிவிட்டார். துணைத்தலைவர் பின்னாலேயே ஊர்ந்து போய் அவர் காலில் கயிற்றைக் கட்டி வெளியே இழுத்தார். மேலே கொளுத்தும் வெயில், கீழே எரியும் கொதிகலன், இரண்டுக்கும் நடுவே குளிரில் உறைந்துகிடக்கும் ஒரு மனிதர். புனைகதையாளர் எழுதியிருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்போம்.

98 நாட்களுக்குப் பின், மே 24 அன்று கப்பல் லண்டனை அடைந்தது. கெட்டுப்போனதாக ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் உடல். ஒரு நாட்டின் பொருளாதாரமே அந்தப் பயணத்தால் திசைமாறியது என்பது மிகையன்று. 1890இல் இதே கப்பல் மற்றொரு பயணத்தில் 34 பேருடன் கடலில் காணாமற்போனது. தலைவரின் பெயரும் மேலாளரின் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. முழுப் பயணத்துக்கும் கணக்குப்போட்டால் ஏறத்தாழ 300 டன் வருகிறது. அந்தக் கரியை அள்ளிப்போட்ட கைகளைத்தான் நாம் கணக்காக மட்டுமே அறிகிறோம்.

இறைச்சிக்குக் கிடைத்த குளிர் மனிதர்களுக்குக் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை கிழக்கு நோக்கி வந்த கப்பல்களின் உணவுக்கூடங்களில் பங்காக்களே ஆடின. கப்பல் அறைகளில் காற்றைத் திருப்பிவிடும் வாயிலுக்குப் 'பங்கா லூவர்' என்ற பெயர் பின்னர் நிலைத்தது. கயிறிழுத்தவன் மறைந்தான், சொல் தங்கியது. அடித்தளத்தில் நின்றவர்களோ ஆக்வாலாக்கள், அதாவது உலைக்குக் கரி தள்ளும் இந்தியத் தொழிலாளர்கள். இந்தியர்கள் வெப்பத்தைப் பொறுப்பவர்கள் என்பது ஆங்கிலக் கப்பல் முதலாளிகளின் வசதியான நம்பிக்கை. செங்கடலில் உலைமுன் நிற்க எந்த இனத்தின் உடலும் படைக்கப்படவில்லை என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்; அறிவது செலவு, அவ்வளவுதான். கப்பல் துறையில் கட்டப்பட்டுக் கொதிகலன் அணைந்து ஆறுவதை மாலுமிகளின் வழக்கு 'குளிர்ந்த இரும்பு' என்கிறது. இன்று நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தருவதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். துறையை விட்டு நீங்கிய பின் இரும்பு குளிர வழியில்லை.

கரி போய் டீசல் வந்தது. வேம்பநாட்டுக் காயலில் நெல் சுமந்த கெட்டுவள்ளங்கள் 1990களில் சுற்றுலாப் படகுகளாக மாறின. படுக்கையறைகளில் குளிர்சாதனமும் ஏறியது. ஒரு டன் எந்திரம் ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் இருப்பது 1.2 கிலோவாட்-மணி, ஈய மின்கலமாயின் அதில் பாதியை எடுப்பதே நல்லது. ஓர் இரவுக்கு, ஓர் அறைக்கு மட்டும் எத்தனை மின்கலங்கள் என்று வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம். வைக்கத்திலிருந்து 2017 முதல் 75 பேரை ஏற்றிச்செல்லும் சூரிய ஒளிப் படகான 'ஆதித்யா' பகலில் ஓடுகிறது. படுக்கையறைக் குளிரோ சூரியன் மறைந்த பின்பு கேட்கப்படுவது. ஆகவே ஜெனரேட்டர். பெரும்பாலான படகுகளில் இரவு ஒன்பது மணிக்குப் போட்டு விடியற்காலை ஆறு மணிக்கு நிறுத்திவிடுகிறார்கள்.

மாலை ஐந்தரை மணி வாக்கில் சுற்றுலாப் படகுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் ஒதுங்குவது அங்கே வழக்கம். அதன்பின் காயல் வலைவீசுபவர்களுக்கு உரியது. அவர்கள் சிறு வள்ளங்களில் வந்து வலையை இறக்கிக்கொண்டிருக்கும்போதுதான், கரையோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எந்திரங்கள் உறுமத் தொடங்குகின்றன.