அமிலத்தின் அளவும் வீரியமும்: பி.எச். அளவுகோல் உருவான வரலாறு

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.1 மோலார் அசெட்டிக் அமிலம் இரண்டிலும் 10 மில்லிலிட்டர் எடுத்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் தரம் பார்த்தால், இரண்டுக்கும் ஒரே அளவு காரம்தான் செலவாகும். ஆனால் முதலாவதன் பி.எச். ஏறத்தாழ 1, இரண்டாவதன் பி.எச். 2.9. ஹைட்ரஜன் அயனிச் செறிவில் இது சுமார் 75 மடங்கு வேறுபாடு. கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு அந்தக் கணத்தில் அமிலமாகச் செயல்படுகிறது என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் வேதியியல் எப்படிப் பிரித்தறிந்தது, பிரித்தறிந்த பின் அதற்கான அளவுகோல் ஏன் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் பிறந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கத்தில் இப்படி ஒரு கேள்வியே எழவில்லை. எந்தப் பொருள் அமிலத்தை அமிலமாக்குகிறது என்றே 18-ஆம் நூற்றாண்டு கேட்டது. ஆக்சிஜன் என்றார் லவாய்சியே. 1810-இல் குளோரின் ஒரு தனிமம் என்று டேவி வாதிட்டு, ஆக்சிஜன் இல்லாமலும் அமிலம் உண்டு எனக் காட்டியதும் அக்கொள்கை ஆட்டங்கண்டது. உலோகத்தால் வெளியேற்றத்தக்க ஹைட்ரஜன் உள்ளதே அமிலம் என்று 1838-இல் லீபிக் வரையறுத்தார். மூவரும் தேடியது சேர்மத்துக்குள் இருக்கும் ஒன்றை. சேர்மம் கரைந்திருக்கும் நீருக்கு அந்த விவாதத்தில் வேலையே இல்லை.

சமநிலை என்ற கருத்து வேறொரு வழியாக வந்தது. நெப்போலியனின் படையெடுப்போடு 1798-இல் எகிப்து சென்ற பெர்த்தொலே, நேட்ரான் ஏரிக்கரைகளில் சோடா படிந்திருப்பதைக் கண்டார். உப்பும் சுண்ணாம்புக் கல்லும் வினைபுரிந்து அது உண்டாகியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆய்வகத்தில் அவ்வினை நேர் எதிர்த் திசையில் நடப்பதையே வேதியியலார் அறிந்திருந்தனர். வினை எந்தப் பக்கம் செல்லும் என்பதைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கிறது என்று அவர் சொன்னதை, 1864-இல் நார்வேயின் குல்ட்பர்க், வாகே இருவரும் நிறைதாக்க விதியாக வடித்தனர்.

இதை அமிலங்களோடு இணைத்தவர்கள் அரீனியசும் ஆஸ்வால்டும். நீரில் கரைந்த உப்புகளின் மின்கடத்துதிறன் பற்றி 1884-இல் அரீனியஸ் அளித்த ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் குறைந்த தர மதிப்பே கொடுத்தது. ரீகாவிலிருந்த ஆஸ்வால்ட் அதன் மதிப்பை உணர்ந்து, அவரைப் பார்க்க உப்சாலாவுக்கே வந்தார். 1888-இல் ஆஸ்வால்ட் வெளியிட்ட நீர்த்தல் விதி, வலிமை குறைந்த அமிலத்தின் பிரிகையை நிறைதாக்க விதிக்குள் கொண்டுவந்தது. அதன்படி 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தில் 1.3 விழுக்காடு மூலக்கூறுகளே அயனிகளாகப் பிரிந்திருக்கும், 0.001 மோலாராக நீர்த்தால் அது சுமார் 12 விழுக்காடாகும். தரம் பார்க்கையில் சேர்க்கும் காரம் ஹைட்ரஜன் அயனிகளை அகற்ற அகற்ற, மிச்சமுள்ள மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வரும். அதனால்தான் பியூரெட் காட்டும் அளவு இரண்டு அமிலங்களுக்கும் ஒன்றாகிறது. 1894-இல் கோல்ராஷும் ஹைட்வைலரும் மிகத் தூய நீரும் சிறிதளவு மின்சாரம் கடத்துவதை அளந்தனர். நீரும் அயனிகளாகப் பிரிகிறது. 25 டிகிரி செல்சியசில் லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனி.

இவ்வளவும் கையில் இருந்தும் அமிலக் கோட்பாட்டாளர்கள் எவரும் பொது அளவுகோல் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அவர்களுக்குப் பிரிகை மாறிலியே போதுமானதாக இருந்தது. தேவை எழுந்தது நொதிகளைக் கையாண்டவர்களுக்கு. கோபன்ஹேகனில் பீர் ஆலை அதிபர் யாக்கப்சன் 1875-இல் நிறுவிய கார்ல்ஸ்பர்க் ஆய்வகம், தன் முடிவுகளை ஆலையின் ரகசியமாக வைக்காமல் வெளியிட வேண்டும் என்ற விதியோடு இயங்கியது. அதன் வேதியியல் துறைக்கு 1901-இல் தலைவரானவர் சோரன்சன். பெப்சின், இன்வர்டேஸ் போன்ற நொதிகள் எந்த அளவு அமிலத்தில் நன்றாக வேலை செய்கின்றன என்று எழுதியவர்கள் அதுவரை, தாங்கள் ஊற்றிய அமிலத்தின் அளவையே குறித்துவந்தார்கள். கரைசலிலுள்ள புரதம் அந்த அமிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊற்றியது ஒன்று, நொதியைத் தொடுவது வேறு.

1909-இல் வெளியான சோரன்சனின் நீண்ட கட்டுரை, ஹைட்ரஜன் அயனிச் செறிவை 10-இன் அடுக்காக எழுதி, அடுக்கின் எதிர்க்குறியை நீக்கிய எண்ணைப் பி.எச். என்ற அளவாகக் கொண்டது. சிறு எண்களை எழுதும் வசதி மட்டுமே இதற்குக் காரணம் என்று பலர் கருதுவதுண்டு. அவர் பயன்படுத்திய கருவியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிளாட்டினக் கருப்பு பூசிய மின்முனையைச் சுற்றி ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தார். செறிவு பத்து மடங்கு மாறும்போது அந்த மின்னழுத்தம் 18 டிகிரியில் சுமார் 58 மில்லிவோல்ட் மாறும். கருவியே மடக்கைக் கணக்கில்தான் பேசியது. என் கணிப்பில், அதே கட்டுரையில் அவர் தந்த தாங்கல் கரைசல்களும் மடக்கைக்கு இணையான கொடை. பாஸ்பேட், போரேட், சிட்ரேட், கிளைசின் ஆகியவற்றைக் குறித்த விகிதத்தில் கலந்து, தக்க நிறங்காட்டியோடு நிறத்தை ஒப்பிட்டால், மின்முனை இல்லாத ஆய்வகமும் அளந்துவிடலாம். நம் மேல்நிலைப் பாடநூல்கள் அமிலக் கொள்கைகளை வகுத்த அரீனியசுக்கும் லூயிசுக்கும் தரும் இடத்தைப் பார்த்தால், சோரன்சன் ஒரு சூத்திரத்தின் பெயராக மட்டும் சுருங்கிவிட்டார்.

1923-இல் அதே கோபன்ஹேகனில் பிரான்ஸ்டெட்டும், இங்கிலாந்தில் லௌரியும், அமிலம் என்பது புரோட்டானைத் தருவது, காரம் என்பது ஏற்பது என்றனர். நீர் இரண்டு வேலையும் செய்கிறது. வெறும் கரைப்பானாக இருந்தது வினையில் பங்காளியானது. மறு ஆண்டே சோரன்சனும் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும், மின்முனை உணர்வது செறிவை அல்ல, அயனியின் செயல்திறனை என்று ஒப்புக்கொண்டு வரையறையைத் திருத்தினர். தனியொரு அயனியின் செயல்திறனை மட்டும் பிரித்து அளக்க வழியில்லை என்பதால் சிக்கல் அத்துடன் தீரவில்லை. 1934-இல் கலிபோர்னியாவில் பெக்மன் கண்ணாடி மின்முனையை மின்னணுப் பெருக்கியோடு இணைத்து ஒரு கருவி செய்தார். அவரிடம் அதைக் கேட்டது எலுமிச்சைச் சாறு தயாரிப்பவர்கள். பதப்படுத்தச் சேர்த்த சல்பர் டைஆக்சைடு அவர்களுடைய லிட்மஸ் தாளை வெளுக்கச் செய்தது, ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்தது. அக்கருவியின் வழிவந்த இன்றைய பி.எச். மானிகளும், பி.எச். தெரிந்த தாங்கல் கரைசலில் முதலில் நனைத்துச் சரிசெய்த பிறகே அளக்கத் தொடங்குகின்றன.