எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லீங்க!

கால் வலின்னு போனால், எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லீங்க, நார்மல்" என்பார்கள். நீண்ட தூரம் ஓடுகிற நிறைய பேர் கேட்ட வசனம். கூட இருக்கிறவங்க பார்வை மாறிடும், 'சும்மா சொல்றானோ?'ன்னு. இந்த "ஒண்ணும் இல்லை"க்கு ஒரு வரலாறே இருக்கு.

1855-ல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், அணிவகுத்து நடந்தே சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார. யாரும் விழவில்லை, அடிபடவில்லை. தசைநாண் உறையில் அழற்சி என்று நினைத்தார். எலும்பாக இருக்கும்னு தோணலை. பாவம், உள்ளே எட்டிப் பார்க்க அப்போ ஏது வழி?

1895-ல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1897-லேயே ஸ்டெஹோ என்ற ஜெர்மன் ராணுவ டாக்டர் இதே மாதிரி பாதங்களைப் படம் எடுத்துப் பார்த்தால்... எலும்பில் முறிவு! 42 வருஷம் 'வீக்கம்' என்ற பெயரில் இருந்தது 'முறிவு' ஆயிடுச்சு. 1958-ல் மைக்கேல் டேவாஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் விளையாட்டு வீரர்களின் கீழ்க்காலுக்கு வந்தார். 'சும்மா கால்நோவு' என்று ஒதுக்கியதில் பல, டிபியா எலும்பில் விழுந்த விரிசல்தான் என்று காட்டினார்.

அப்புறம் ஏன் இன்னமும் "நார்மல்"? நம்ம எலும்பு தினமும் தன்னைத்தானே இடிச்சுக் கட்டிக்கிட்டே இருக்கு. இடிக்கிறது சில வாரத்தில் முடியும், கட்டறதுக்கு மாசக்கணக்காகும். அந்த இடைவெளியில் ஓடிக்கிட்டே இருந்தால் விரிசல் விழும். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேக்குத் தெரியாத அளவு நுணுக்கம். ஆறத் தொடங்கி, சுற்றிப் புது எலும்பு படிந்த பிறகுதான் படத்தில் வரும். அதாவது முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரே காட்டுவது பெரும்பாலும் பழைய நிலவரம். (லாக் ஃபைல் லேட்டா எழுதற சர்வர் மாதிரி. எர்ரர் வந்தாச்சு, லாக் மட்டும் சுத்தமா இருக்கும்.)

1971-ல் சுப்ரமணியன், மெக்காஃபி இருவரும் (முதல் பெயரைப் பார்த்ததும் ஒரு சின்ன சந்தோஷம்!) எலும்பில் போய் ஒட்டும் டெக்னீசியம் கலவை ஒன்றை வெளியிட்டார்கள். ஊசியில் ஏற்றினால், எலும்பு மும்முரமாகக் கட்டப்படும் இடம் கேமராவில் பளிச்சென்று தெரியும். விரிசல் சீக்கிரமே மாட்டும். ஆனால் கிருமித் தொற்றும் கட்டியும்கூட அதே மாதிரி பளிச்சிடும். 'எங்கே' என்று சொல்லும், 'என்ன' என்று சொல்லாது.

அதைச் சொன்னது எம்.ஆர்.ஐ. 1995-ல் ஃபிரெடரிக்ஸனும் அவர் குழுவும் ஓட்டக்காரர்களின் டிபியாவைப் படம் எடுத்து நாலு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் எலும்பின் மேலுறையில் நீர்க்கோப்பு மட்டும்தான், கோடே கிடையாது. நாலாவதில்தான் முறிவுக்கோடு. உடையறதுக்கு முன்னாடியே பிடிச்சாச்சு!

இத்தோட முடிஞ்சுதுன்னு பார்த்தா, 2004-ல் அதே வட்டாரத்திலிருந்து இன்னொரு ஆய்வு. வலியே இல்லாத 21 கல்லூரி ஓட்டக்காரர்களைப் படம் எடுத்தால் 9 பேர் டிபியாவில் இந்த மாதிரி அறிகுறி. பிறகு அவர்களைக் கவனித்தபோது ஒருத்தருக்கும் முறிவு வரலை. ஒரு காலத்தில் வலிக்கிற காலைப் படம் நம்பலை. இப்போ வலிக்காத காலையும் படம் சந்தேகப்படுது. ரெண்டுக்கும் டாக்டர் மறுபடி பண்ண வேண்டியது ஒண்ணுதான்: எலும்பை விரலால் அழுத்தி, "இங்கேயா வலிக்குது?"ன்னு கேட்கணும்.