சேவல் சொன்ன பொய்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். லீவுதான், ஆனா லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்? அமெரிக்காக்காரனோட பேசி முடிச்சு கண் அசரும்போது பக்கத்து வீட்டுச் சேவல் கூவிச்சு. மணி நாலு. "விடிய இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு, அதுக்குக் கிறுக்கா?"ன்னு காலையில அம்மாகிட்ட கேட்டேன். "கிறுக்கு அதுக்கா ஒனக்கா மக்களே?"ன்னாங்க.

நேரங்கெட்ட நேரத்துல கூவினதுக்கு நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பழைய கேஸ் உண்டு. நாகர்கோவில்ல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல சுசீந்திரம். நடுராத்திரியில சேவல் மாதிரி கூவி, கௌதமரை ஆத்துக்குக் குளிக்க அனுப்பின இந்திரன், சாபம் வாங்கி, கடைசியில சுத்தமானது இங்கதான்னு தலபுராணம். ஊர்ப் பேரே அதனாலதானாம். அர்த்தஜாமப் பூஜையை இன்னைக்கும் இந்திரன் வந்து செய்றதா நம்பிக்கை. அதனால உள்ளே பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன்னு அர்ச்சகர்கள் சத்தியம் செய்து கொடுப்பது வழக்கம்.

எனக்கு இந்தக் கதையில ரெண்டு வருத்தம். முனிவர் ஒரே ஒரு சத்தத்தை நம்பி, வானத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காம கிளம்பிட்டார். பொய்யா கூவினவனுக்குக் கோயில் கிடைச்சுது. அகலிகை ராமன் வர்ற வரைக்கும் கல்லா கிடந்தா.

நிஜச் சேவல் அப்படி ஏமாத்தாது. 2013ல ஜப்பான் நகோயா பல்கலைக்கழகத்துல ஷிம்முராவும் யோஷிமுராவும் சேவல்களை நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தாங்க. சூரியனே கண்ணுல படல. ஆனாலும் கிட்டத்தட்ட ஒரு நாள் கணக்குல முறை தவறாம கூவிச்சு. கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கு. வழக்கமான வெளிச்சத்துல வச்சப்போ, லைட் போடறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிடுமாம். அப்போ நம்ம நாலு மணிச் சேவல் கணக்கு சரிதான்! 2015ல இன்னொன்னும் கண்டுபிடிச்சாங்க: கூட்டத்துல பெரிய ஆள்தான் முதல்ல கூவும், மத்ததெல்லாம் அந்தஸ்து வரிசையில. எங்க ஆபீஸ் மீட்டிங்தான் ஞாபகம் வந்துச்சு :-)

நாகர்கோவிலுக்கு மணிமேடை வந்தது 1892-93ல, திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்துல. மணியடிச்சு நேரம் சொல்ல ஊர் நடுவுல ஒரு கடிகாரம். ஆனா எங்க தாத்தா கடைசிவரைக்கும் அதைக் கணக்குலயே எடுத்துக்கல. முதல் கூவலுக்கு எழும்புவார், அடுத்ததுக்கு வயல் வரப்புல நிப்பார்.

ஊர்ல இருந்து கிளம்புற அன்னைக்கும் கூவிச்சு. லேப்டாப்பை மூடிட்டு வெளியே வந்தேன். அடுக்களையில லைட் எரிஞ்சுது. அம்மா எட்டிப் பார்த்து, "இப்பத்தான் எழும்புனியா, இன்னும் தூங்கவே இல்லியா?"ன்னாங்க.

கட்டஞ்சாயா இருக்கான்னு கேட்டுச் சமாளிச்சேன்.