தொடக்கம் எழுத்திலா, ஏந்தி வருவதிலா?

புரதத் தொகுப்பு ஏயூஜி என்ற கோடானில் தொடங்குகிறது என்று பள்ளியில் படித்தவர்கள் பலரும் அதை ஒரு கட்டளையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே ஏயூஜி மரபணுவின் நடுவிலும் வருகிறது. அங்கே எதையும் தொடங்குவதில்லை. ஈ. கோலை பாக்டீரியாவின் லாக்-ஐ மரபணுவோ ஜியூஜியில் தொடங்குகிறது. இந்த ஜியூஜி நடுவில் வந்தால் வேலின், தலையில் வந்தால் மெத்தியோனின். ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறதென்றால், தீர்ப்பு எழுத்தின் கையில் இல்லை.

இடத்தைக் காட்டுவது எது என்பதற்கு 1974-இல் ஷைனும் டல்கார்னோவும் விடை சொன்னார்கள். தூது ஆர்.என்.ஏ.வில் கோடானுக்குச் சற்று முன்னால் பியூரின் மிகுந்த ஒரு துண்டு இருக்கிறது. ரைபோசோமின் 16எஸ் ஆர்.என்.ஏ. வால்முனை அதோடு இணைகிறது. அது சரி. ஆனால் அந்த இடத்தில் வந்து அமர்பவர் யார்?

முதல் அமினோ அமிலத்தை ஏந்தி வரும் தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ.தான். அது மற்றக் கடத்து ஆர்.என்.ஏ.க்களைப் போல ரைபோசோமின் ஏ தளம் வழியாக நுழைவதில்லை. நேரே பி தளத்தில் அமர்கிறது. அந்த உரிமையை அதற்குத் தருவது அதன் உடலமைப்பு. கோடானோடு இணையும் எதிர்க்கோடானைத் தாங்கும் தண்டில் மூன்று ஜி-சி இணைகள் அடுத்தடுத்து உள்ளன. 16எஸ் ஆர்.என்.ஏ.வின் 1338, 1339-ஆம் எழுத்துகள் அந்தத் தண்டைத்தான் தொடுகின்றன.

1990-இல் உமேஷ் வர்ஷ்ணேயும் உத்தம் ராஜ்பண்டாரியும் செய்த சோதனையைத்தான் நான் இங்கே முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். குளோராம்பெனிக்காலைச் செயலிழக்கச் செய்யும் நொதியின் மரபணுவில் ஏயூஜியை எடுத்துவிட்டு யூஏஜியை வைத்தார்கள். யூஏஜி நிறுத்தக் கோடான்! தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ.வின் எதிர்க்கோடானையும் அதற்கேற்ப மாற்றினார்கள். நொதி உருவானது. அதைவிடச் சுவையான செய்தி, எதிர்க்கோடான் மாறியதால் அந்த மூலக்கூறு பெரும்பாலும் குளுட்டமினைச் சுமந்தது. கோடான் மாறியது, அமினோ அமிலமும் மாறியது. தொடக்கம் மட்டும் நின்றுவிடவில்லை.

உட்கருவுள்ள செல்களில் நிலை வேறு என்று வாதிடலாம். மரிலின் கோசாக் 1978-இல் முன்வைத்த வருடல் கோட்பாட்டின்படி, சிறு ரைபோசோம் அலகு தூது ஆர்.என்.ஏ.வின் 5' முனையில் ஏறி, பெரும்பாலும் முதல் ஏயூஜியில் நிற்கிறது. இங்கே எழுத்துதானே ஆள்கிறது? இல்லை. தேடிக்கொண்டு போகும்போதே அந்த அலகு மெத்தியோனின் ஏந்திய கடத்து ஆர்.என்.ஏ.வைச் சுமந்துதான் செல்கிறது. 1988-இல் ஈஸ்ட்டில் டொனஹ்யூ குழுவினர் அதன் எதிர்க்கோடானை மாற்றியபோது, ரைபோசோம் ஏஜிஜியில் நின்று தொடங்கியது. தேடுவது எதிர்க்கோடான்; கோடான் தேடப்படும் பொருள், அவ்வளவே.

எழுத்துக்கு மதிப்பே இல்லை என்பதல்ல என் வாதம். கோடானுக்கு மூன்றெழுத்து முன்னால் பியூரின் இல்லாவிட்டால் வருடும் அலகு பல நேரம் அந்த ஏயூஜியைத் தாண்டிப் போய்விடுகிறது. பாக்டீரியாவில் ஐஎஃப்-3 என்ற காரணி பொருந்தாத இணைப்புகளைக் கலைத்துவிடுகிறது. இவை திறனையும் துல்லியத்தையும் கூட்டுபவை.

என் வாதத்துக்கு உண்மையில் தொல்லை தருவது வேறொன்று. சில மைக்கோபிளாஸ்மாக்களில் அந்த மூன்று ஜி-சி இணைகளில் முதலாவதும் மூன்றாவதும் மாறிப்போயிருக்கின்றன. ஆனாலும் அவை புரதம் தொகுத்து வாழ்கின்றன. நடு இணை மட்டும் அப்படியே இருக்கிறது.