ஒரு வயலுக்கு மூன்று ஆட்கள்: கல்முனைக் கரையில் கமக்காரர் பயிற்சியும் பங்கேற்பும்

கமக்காரர் பயிற்சியில் பங்கேற்பு எவ்வளவு என்று கேட்டால் வருகை இடாப்பில் உள்ள கையெழுத்துகளை எண்ணிச் சொல்லிவிடுகிறோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் முஸ்லிம் ஊர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். கமக்காரருக்கு அக்கறை இல்லாததால் அல்ல; இங்குள்ள காணி உறவு அப்படி.

வீடு கடற்கரைப் பக்கம், வயல் மேற்கே வட்டை எனப்படும் வயல்தொகுதியில். பெண் மக்களுக்கு வீட்டோடு வயலையும் சீதனமாக எழுதிக் கொடுப்பது இக்கரையின் நெடுங்கால வழக்கம். ஆகவே உறுதி பல வேளை மனைவியின் பெயரில் இருக்கும். கமநல சேவை நிலையத்துக்குப் போவதும் கூட்டத்தில் இருப்பதும் கணவர். வக்கடை கட்டி, விதைத்து, மருந்து டாங்கியைத் தோளில் போடுபவர் குத்தகைக்காரர் அல்லது வயல்வேலையாளான முல்லைக்காரர். இந்த மூவரில் ஒருவரை மண்டபத்துக்கு அழைத்துப் பாடம் நடத்திவிட்டு, அந்த வயலே பயிற்சி பெற்றதாக எழுதிக்கொள்கிறோம். டாங்கி சுமப்பவர் அன்றும் வயலில்தான் நிற்கிறார். மண்டபத்துக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

இதனால் என்ன கெடுகிறது என்பதைக் களைநெல் காட்டும். இலங்கையில் அது 1990களின் முற்பகுதியில் அம்பாறை மாவட்டத்தில் தலைகாட்டியது. நாற்று நடாமல் வீசி விதைக்கும் இந்த மண் அதற்கு வாய்ப்பாயிற்று. வரிசையாக நட்ட வயலில் வரிசைக்கு வெளியே முளைப்பது அந்நியம் என்று தெரியும். வீசி விதைத்த வரவையில் எல்லாம் ஒரே பச்சை. கதிர் தள்ளும்போதுதான் சில தாள்கள் மற்றவற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும், சிலவற்றில் நீண்ட மீசை இருக்கும். அறுவடைக்கு முன்பே, கை பட்டவுடன் மணி உதிரும். உதிர்ந்தது மண்ணில் கிடந்து அடுத்த போகத்தில் முளைக்கும். அதுவும் நெல்லே ஆகையால் வழமையான களைநாசினிகள் அதைப் பிரித்தறிவதில்லை. சுத்தமான விதைநெல், முளைக்கவிட்டு மீண்டும் உழுதல், கதிரை வெட்டி அகற்றுதல், அறுவடை இயந்திரத்தைக் கழுவுதல் ஆகியவையே வழி. இவற்றுள் எதையும் ஒருவர் தனியே செய்து மீள முடியாது. பக்கத்து வரவையை அறுத்த இயந்திரம் கழுவாமல் உள்ளே இறங்கினால் போகம் முழுக்கப் பட்ட பாடு வீண். சம்மாந்துறையிலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவு தூரத்தில் இல்லை. அது சென்றுசேர வேண்டிய இடம் தனிக் கமக்காரர் அல்ல, வட்டை.

இதற்கு முன்னுதாரணம் நம் கால்வாயின் மேற்பகுதியிலேயே உண்டு. 1981இல் கல்லோயா இடது கரையில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களை வாய்க்கால் ஓரங்களில் குடியமர்த்தின. அவர்கள் வகுப்பு நடத்தவில்லை. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுவோரை வீடு வீடாகச் சந்தித்து, வாய்க்கால் துப்புரவாக்குவது, முறைவைத்து நீர் பாய்ச்சுவது என எளிய வேலைகளில் தொடங்கவைத்தார்கள். சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் வற்றியிருந்த அந்த ஆண்டிலேயே மேல்மடைக்காரர் மிச்சம்பிடித்த நீரைக் கீழ்மடைக்கு விட்டனர். அத்திட்டத்தில் ஈடுபட்ட கோர்னெல் அறிஞர் நோர்மன் உப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிவுசெய்தார். அமைப்பாளர்கள் பலர் நிரந்தர வேலை தேடி விலகிப்போனது அத்திட்டத்தின் பெரிய குறை. அந்தக் குறை நமக்கு வரத் தேவையில்லை, ஏனெனில் வட்டைக்கு நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையார் ஏற்கெனவே இருக்கிறார். நீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடியும் திகதியையும் தீர்மானிக்கும் போக ஆரம்பக் கூட்டமும் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது.

வட்டவிதானையார் பெரிய காணிக்காரரின் ஆள் ஆகிவிடுவார் என்று மறுப்பார்கள். நியாயமான அச்சம். அதனாலேயே பயிற்சியை அவர் கையில் மட்டும் ஒப்படைக்காமல், கதிர் தள்ளும் காலத்தில் விவசாயப் போதனாசிரியர் வரம்பில் நின்று, முல்லைக்காரர் கண்ணெதிரே களைநெல்லைப் பிடுங்கிக் காட்ட வேண்டும். அசர் தொழுகைக்குப் பிந்திய ஒரு மணி நேரம் போதும்; யாருக்கும் கூலி போகாது.

உறுதிக்கு உரிய பெண்களோ இந்த விவாதத்திலேயே இல்லை. வயலுக்கு வருவதில்லை என்பதால் அவர்களை விட்டுவிடுகிறோம். ஆனால் அடுத்த போகத்துக்கான விதைநெல் மூட்டை பல வேளை அவர்கள் வீட்டில்தான் கிடக்கிறது. வெள்ளை அரிசி இனமானால், ஒரு பிடி நெல்லை உமி நீக்கிச் சுளகில் பரப்பினால் போதும். கலந்து கிடக்கும் களைநெல்லின் சிவப்பு மணிகளை அவர்கள் நொடியில் பொறுக்கிவிடுவார்கள்.